சின்னப் புல்தரைக்கு எந்த பெட்ரோல் புல்வெட்டி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜின் பெரியதா, பிளேடு அகலமா என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். சின்னப் புல்தரை வைத்திருப்பவர்கள் அந்த இரண்டையும் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. ஏன் என்று கீழே சொல்கிறேன். கேள்விகளில் பாதி தெரிந்தவர்கள் என்னிடம் கேட்டவை, மீதி அடிபட்டபிறகு நானே என்னைக் கேட்டுக்கொண்டவை.

‘கேஸ் மூவர்’ என்கிறார்களே, சிலிண்டர் கேஸில் ஓடுமா?

ஓடாது. மூவர் என்றால் புல்வெட்டி. அமெரிக்கர்கள் பெட்ரோலைக் கேசொலின் என்பார்கள், அதையும் சுருக்கி கேஸ் என்பார்கள், அவ்வளவுதான். பெட்டியில் கேஸ் என்று போட்டிருந்தால் பெட்ரோல் என்று படித்துக்கொள்ளுங்கள்.

என் புல்தரை ரொம்பச் சின்னது. பெட்ரோல் மெஷின் அவசியமா?

முதலில் அளந்து பாருங்கள். வீட்டையும் நடைபாதையையும் செடிகொடி இருக்கும் இடத்தையும் கழித்துவிட்டு, புல் மட்டும் எத்தனை சதுர அடி என்று. நிறைய பேர் மனையின் அளவைச் சொல்கிறார்கள், புல்லின் அளவு அதில் பாதிகூட இருக்காது.

1,000 சதுர அடிக்குள் இருந்தால், தரையும் சமமாக இருந்தால், இன்ஜினே வேண்டாம். உருளையில் பிளேடுகள் சுற்றும், கையால் தள்ளுகிற பழைய மாதிரி மெஷின் போதும். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கியது அந்த வகைதான், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை. கத்தரிக்கோல் மாதிரி வெட்டுவதால் வெட்டு சுத்தமாக இருக்கும், சத்தமும் கிடையாது. ஆனால் இரண்டு வாரம் விட்டுவிட்டீர்கள் என்றால் உயர்ந்து நிற்கும் புல்லை வெட்டாமல் சாய்த்துவிட்டுப் போய்விடும். நடுவில் ஒரு குச்சி மாட்டினால் அப்படியே நின்றுவிடும்.

அதற்கு மேல், சுமார் 10,000 சதுர அடி வரை, தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் மெஷின் பொருத்தம். பேட்டரி மெஷினும் இந்த அளவில் நன்றாகவே ஓடும், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. வாரம் தவறாமல் வெட்டுகிறவர், பராமரிப்பு பிடிக்காதவர் என்றால் பேட்டரி வாங்குங்கள். புல் அடர்த்தி, அடிக்கடி தவறிப்போய் முழங்கால் உயரம் வளர்ந்துவிடுகிறது, ஈரத்தோடு வெட்ட வேண்டிய கட்டாயம் வருகிறது, சார்ஜ் தீர்ந்து பாதியில் நிற்கும் எரிச்சல் வேண்டாம் என்பவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

சரி, கடைக்குப் போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

கடைக்குப் போகாதீர்கள், முதலில் டேப் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். புல்தரைக்குப் போகும் வழியில் இருக்கும் மிகக் குறுகலான இடம் எது? பக்கவாட்டு கேட்டா, சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே உள்ள சந்தா? அதை அளந்து எழுதுங்கள். நான் முதலில் வாங்கியது 21 இன்ச் மெஷின், என் பக்கவாட்டு கேட் 22 இன்ச், அதனால் தாராளமாகப் போகும் என்று நினைத்தேன். 21 என்பது பிளேடு வெட்டும் அகலம். அதைச் சுற்றித் தகடு, தகட்டுக்கு வெளியே சக்கரம் எல்லாம் சேர்த்தால் இரண்டு மூன்று இன்ச் கூடிவிடும் என்று யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்தைத் தூக்கிச் சாய்த்து நுழைத்தேன், இரண்டு மாதத்தில் கேட்டில் பெயிண்ட் இல்லை.

அடுத்தது, எங்கே நிறுத்தி வைக்கப் போகிறீர்கள்? கைப்பிடி மடிந்தால்கூடத் தரையில் நல்ல இடம் பிடிக்கும். டோரோ கம்பெனியின் ஸ்மார்ட்ஸ்டோ போன்ற சில மாடல்களைக் கைப்பிடியை மடக்கிச் செங்குத்தாக நிமிர்த்தி வைக்கலாம், ஆயிலோ பெட்ரோலோ கசியாதபடி அந்த இன்ஜினையே அதற்கென்று செய்திருப்பார்கள். மற்ற மெஷின்களில் இந்த வித்தையை முயற்சி செய்ய வேண்டாம். அதோடு, தண்ணீர் சூடாக்கும் அடுப்போ வேறு எரியும் சுடரோ இருக்கும் அறையில் பெட்ரோல் உள்ள மெஷினை வைக்கவே கூடாது, ஆவி போதும் பற்றிக்கொள்ள.

வெட்டும் அகலம் 16, 18, 21, 22 என்று இருக்கிறதே. அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும்தானே?

முடியும், ஆனால் எவ்வளவு சீக்கிரம் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசைமேல் மூன்று இன்ச் ஏறித்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் மீசை மாதிரி புல் நிற்கும். அப்படியென்றால் 21 இன்ச் மெஷினுக்குக் கையில் கிடைப்பது 18 இன்ச், அதாவது ஒன்றரை அடி. 3,000 சதுர அடியை வெட்ட 2,000 அடி நடக்க வேண்டும். 16 இன்ச் மெஷினுக்குக் கிடைப்பது 13 இன்ச், நடக்க வேண்டியது ஏறக்குறைய 2,770 அடி. வித்தியாசம் 770 அடி, அதாவது நான்கைந்து நிமிட நடை. திருப்புவதற்கு ஆகும் நேரத்தைச் சேர்த்தாலும் பத்து நிமிடத்தைத் தாண்டாது.

அந்தச் சில நிமிடத்துக்காக மரத்தடியிலும் பாத்தி ஓரத்திலும் திரும்பவே முடியாத ஒரு அகலத்தை இழுத்துக்கொண்டு அலைய வேண்டுமா என்பதுதான் கேள்வி. தடங்கல் இல்லாத நீள்சதுரம் என்றால் 21 எடுங்கள், அந்த அளவில்தான் மாடல்களும் உதிரி பிளேடுகளும் அதிகம் கிடைக்கும். நாலு மரம், இரண்டு பாத்தி, ஒரு ஊஞ்சல் என்று வளைந்து வளைந்து போகும் இடம் என்றால் 16 முதல் 18.

இன்ஜின் எத்தனை சிசி வேண்டும்?

இந்த வகை மெஷின்களில் பொதுவாக 125இலிருந்து 190 சிசி வரை வரும். சின்ன இடத்துக்கு 125 முதல் 150 தாராளம். இன்னும் பெரியது எடுத்தால் உயர்ந்த, ஈரமான புல்லில் திணறாமல் போகும், மற்றபடி கூடுதல் எடையையும் கூடுதல் பெட்ரோலையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். குதிரைத்திறன் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவில் அந்த எண்ணைக் கூட்டிப் போட்டார்கள் என்று வாடிக்கையாளர்கள் வழக்கே போட்டார்கள், இப்போது பல கம்பெனிகள் டார்க் (சுழற்றும் விசை) அல்லது சிசி மட்டும்தான் அச்சடிக்கின்றன.

பார்க்க வேண்டியது வேறு ஒன்று. வால்வு இன்ஜினின் தலையில் இருக்கும் வகையா, பக்கவாட்டில் இருக்கும் பழைய வகையா என்று கேளுங்கள். தலையில் வால்வு உள்ளது, அதாவது ஓவர்ஹெட் வால்வு, குறைவாகக் குடிக்கும், குறைவாகப் புகைக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இருக்காது.

வெறுமனே தள்ளுவதா, தானே நகர்வதா?

தரை சமம், இடம் சின்னது என்றால் தள்ளுவதே போதும். தானே நகரும் மெஷினில் பெல்ட், கியர், அதற்கொரு கேபிள் என்று கெட்டுப்போக நாலு பொருள் கூடுதலாக இருக்கிறது, எடையும் ஏறக்குறைய பத்துக் கிலோ கூடும். சின்ன இடத்தில் நீங்கள் நேராகப் போகும் நேரத்தைவிடத் திருப்பும் நேரம்தான் அதிகம், திருப்பும்போது அந்த மோட்டார் உதவி எதற்கும் ஆகாது, சமயத்தில் எதிராகவே இழுக்கும். சரிவு இருந்தால் கதை வேறு, அங்கே தானே நகர்வது வேண்டும். முதுகு வலிக்காரர், வயதானவர் என்றாலும் அதையே சொல்வேன்.

சக்கரத்தில் என்ன இருக்கிறது?

பின்சக்கரம் பெரியதாக இருந்தால் குழிமேட்டில் தள்ளுவது எளிது, அவ்வளவே. முன்சக்கரம் தானே சுழன்று திரும்பும் மாடல்கள் கண்காட்சியில் அழகாகத் தெரியும். சரிவில் மூக்கு கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும், பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கும்.

டெக் என்பது எது? எதில் செய்தது நல்லது?

பிளேடை மூடியிருக்கும் கவிழ்த்த சட்டிதான் டெக். பெரும்பாலும் இரும்புத் தகடு, விலை குறைவு, அடி தாங்கும், ஆனால் ஈரப்புல் ஒட்டிக் காய்ந்த இடத்திலிருந்து துரு பிடிக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, கல்லில் மோதினால் விரிசல் விடலாம். பிளாஸ்டிக் வகை எடை குறைவு. இரும்பு வாங்கினால் வெட்டி முடித்ததும் அடியில் ஒட்டியிருக்கும் புல்லை ஒரு மரச்சட்டத்தால் சுரண்டிவிடுங்கள். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

வெட்டிய புல் எங்கே போகும்?

மூன்று வழி. பின்னால் பையில் சேரலாம், பக்கவாட்டில் வெளியே வீசலாம், அல்லது உள்ளேயே திரும்பத் திரும்ப வெட்டிப் பொடியாக்கி அதே புல்தரையில் விடலாம், இதை மல்ச்சிங் என்கிறார்கள். சின்ன இடத்துக்கு மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வெட்டிய புல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான், அது காய்ந்து மக்கி நைட்ரஜனை மண்ணுக்கே திருப்பித் தரும். புல்லுக்கு ஆண்டு முழுக்கத் தேவைப்படும் உரத்தில் கால் பங்குவரை இதிலேயே கிடைத்துவிடும் என்று கணக்குச் சொல்வார்கள். பையைக் கழற்றி, கொட்டி, மாட்டி, அந்த மூட்டையை எங்கே போடுவது என்று யோசிக்கும் வேலையும் மிச்சம்.

ஆனால் புல் காய்ந்திருக்க வேண்டும், அளவாக வளர்ந்திருக்க வேண்டும். நீளமான ஈரப்புல்லை மல்ச் செய்யப் போனால் உருண்டை உருண்டையாகக் கக்கும். பக்கவாட்டில் வீசுவது சின்ன இடத்தில் தொல்லை, பாதிப் புல் பூச்செடிமேலும் மீதி நடைபாதையிலும் கிடக்கும். ஆனாலும் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்ட அன்று அது ஒன்றுதான் கை கொடுக்கும், அதனால் மூன்றும் செய்யக்கூடிய மாடலாகப் பாருங்கள்.

கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும் என்கிறார்களே?

ஒழுங்காகப் பராமரித்த இன்ஜின் ஒன்று, இரண்டு இழுப்பில் வந்துவிடும். சிலதில் ரப்பர் குமிழ் இருக்கும், மூன்று முறை அழுத்தி இழுக்க வேண்டும், சிலதில் குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துவிடும் சோக் லீவர், புதிய மாடல்களில் அதைத் தானே செய்யும் ஆட்டோ சோக். ஆட்டோ சோக் சுகமானது. பேட்டரியில் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வகையும் உண்டு, விலை கூட, கயிறு இழுக்க முடியாதவருக்கு அது ஆடம்பரம் ஆகாது. கடையில் ஒரு தடவை கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள், உங்கள் உயரத்துக்கு அது எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பது பெட்டியில் எழுதியிருக்காது.

போன மாதம் ஓடியது, இன்று ஸ்டார்ட் ஆகவில்லை. ஏன்?

பெட்ரோல். பத்துக்கு எட்டு தடவை பெட்ரோல்தான். 30 நாள் தாண்டினாலே அது கெட ஆரம்பிக்கும், எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டால் மிச்சம் இருப்பது பிசுபிசுப்பாகிக் கார்பரேட்டரின் ஊசித் துளையை அடைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் இருக்கும் பெட்ரோல் வேண்டாம் என்று பெரும்பாலான இன்ஜின் கையேடுகளில் எழுதியே இருக்கும்.

சின்னப் புல்தரைக்காரர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். ஒரு டேங்க் மூன்று நான்கு தடவைக்கு வரும், அதற்குள் மாதமாகிவிடும். அதனால் பெரிய கேன் நிறைய வாங்கி வைக்காதீர்கள், கொஞ்சமாக வாங்குங்கள், வாங்கிய அன்றே பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்துவிடுங்கள். சில மாதம் வெட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

ஆயில் எப்போது மாற்றுவது?

புது இன்ஜினில் முதல் 5 மணி நேரம் ஓடியதும் மாற்றச் சொல்லும் கம்பெனிகள் பல, உரசிக் கழிந்த உலோகத்தூள் அதில் வந்துவிடும். அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆண்டுக்கு ஒரு முறை. கொள்வது ஏறக்குறைய அரை லிட்டர்தான். வெயில் காலத்தில் எஸ்.ஏ.ஈ 30 என்ற தர ஆயில், குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் இடத்தில் 10டபிள்யூ-30, ஆனால் உங்கள் கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

அடியில் சுத்தம் செய்ய எந்தப் பக்கம் சாய்ப்பது?

ஏர் ஃபில்டரும் கார்பரேட்டரும் மேலே இருக்கும்படி. நான் ஒரு தடவை எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்க வெள்ளைப் புகை, ஃபில்டர் ஆயிலில் ஊறி அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பக்கத்து வீட்டு அம்மா அன்றிலிருந்து நான் மெஷினை எடுத்தாலே ஜன்னலைச் சாத்துகிறார்.

பிளேடைச் சாணை பிடிக்க வேண்டுமா?

25 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பார்கள், சின்ன இடத்துக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரும். வெட்டிய மறுநாள் புல்லின் நுனியைக் குனிந்து பாருங்கள். நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. ஒரு அரம் போதும், முதலில் பிளக் வயரைக் கழற்றுங்கள். தீட்டி முடித்ததும் நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டித் தொங்கவிடுங்கள், ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமனில்லாத பிளேடு இன்ஜினையே உலுக்கி எடுத்துவிடும். சவரக்கத்தி மாதிரிக் கூர் தேவையில்லை.

எவ்வளவு உயரத்துக்கு வெட்டலாம்?

புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். குளிர்நாட்டுப் புல்வகைகளுக்கு இரண்டரை முதல் மூன்றரை இன்ச், பெர்முடா போன்ற வெயில் புல்லுக்கு ஒன்றிலிருந்து இரண்டு இன்ச். ஒட்ட வெட்டினால் அடுத்த வாரம் வெட்ட வேண்டாம் என்று நினைப்பவர்கள் வேரைக் காய விட்டு, களையைத்தான் வளர்க்கிறார்கள். வாங்கும்போது உயரம் மாற்றும் லீவரைப் பாருங்கள். ஒரே லீவரில் நாலு சக்கரமும் ஏறி இறங்கினால் நல்லது. சக்கரத்துக்கு ஒரு லீவர் என்று இருந்தால் கொஞ்ச நாளில் மாற்றுவதையே விட்டுவிடுவீர்கள்.

ஆபத்து எவ்வளவு?

21 இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் பட்ட கூழாங்கல் என்ன வேகத்தில் பறக்கும் என்று யோசியுங்கள். வெட்டும் முன் தரையை ஒரு தடவை நடந்து பார்த்துக் கல், கம்பி, பொம்மை எல்லாம் பொறுக்குங்கள். மூடிய காலணி, பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பு மூன்றும் வேண்டும், ஓட்டுபவர் காதுக்குச் சத்தம் 90 டெசிபலை ஒட்டி வரும்.

கைப்பிடியில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய லீவர் ஒன்று இருக்கும், விட்டதும் பிளேடு நிற்கும். 3 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1982இலிருந்து சட்டம். அந்த லீவரைக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு ஓட்டும் ஆசாமிகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. சரிவில் குறுக்காக நடங்கள், மேலும் கீழுமாக வேண்டாம், வழுக்கினால் கால் உள்ளே போகும். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள், மூடிய அறைக்குள் ஓட விடாதீர்கள். பிள்ளைகளிடம் 12 வயதுக்கு முன் தரவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது.

பழையதாக வாங்கலாமா?

தாராளமாக. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள், விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது. ஓடும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, கரும்புகை என்றால் ஃபில்டரோ கார்பரேட்டரோ, அது சின்ன வேலை. நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பிளேடைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு நுனி இருந்த இடத்துக்கு இன்னொரு நுனி வரும்போது உயரம் மாறினால் பிளேடு வளைந்திருக்கலாம், பிளேடு நேராக இருந்தும் அப்படியென்றால் அதை மாட்டியிருக்கும் இன்ஜின் தண்டு வளைந்திருக்கிறது. தண்டு வளைந்த மெஷினைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பெட்ரோல் மெஷினே நின்றுபோகப் போகிறது என்கிறார்களே?

போக்கு அந்தப் பக்கம்தான். கலிஃபோர்னியாவில் 2024 மாடல் ஆண்டிலிருந்து இந்த வகைப் புதிய சின்ன பெட்ரோல் இன்ஜின்களுக்கு மாசே வெளிவிடக் கூடாது என்ற விதி வந்துவிட்டது, ஹோண்டாவும் அமெரிக்காவில் பெட்ரோல் புல்வெட்டித் தயாரிப்பை 2023இல் நிறுத்தியது. பழைய மெஷினை ஓட்டத் தடை இல்லை. வாங்கும்போது ஃபில்டர், பிளேடு, கார்பரேட்டர் எளிதாகக் கிடைக்கும் இன்ஜினாகப் பாருங்கள், மெஷின்மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் போல நிறைய மெஷின்களில் வரும் இன்ஜின் உள்ளே இருந்தால் நிம்மதி.

பெட்டி வந்துவிட்டது. உடனே ஸ்டார்ட் செய்யலாமா?

முதலில் ஆயில் ஊற்றினீர்களா? புது மெஷின்கள் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் வரும், பாட்டில் தனியாகப் பெட்டியின் மூலையில் கிடக்கும். ஊற்றி, ஆயில் மூடியோடு வரும் அளவுக்குச்சியில் அளவு பார்த்து, அப்புறம் கயிற்றைத் தொடுங்கள்.